ஒரு பெரிய எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி?

ஒன்பது இலக்க எண் ஒன்றைக் கொடுத்து "இதைப் பற்றி என்ன சொல்ல முடியும்?" என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் அதை அப்படியே இணையத்தில் போட்டுத் தேடுவார்கள். தேடினால் கிடைக்காமல் போகாது. எத்தனை காரணிகள், கூட்டுத்தொகை எவ்வளவு, பைனரியில் எப்படி எழுதுவது என்று நீளமாக ஒரு பட்டியல் வந்து விழும். ஆனால் அதில் எந்த வரி முக்கியம், எது சும்மா இடத்தை அடைக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வருகிறது என்பதெல்லாம் பட்டியலைப் பார்த்தால் தெரியாது. ஒரே ஒரு எண்ணையாவது கையால் முழுசாக அலசிப் பார்த்தால்தான் பிடிபடும்.

இங்கே நாம் எடுத்துக்கொள்ளப்போகும் எண் 353471508. முப்பத்தைந்து கோடியே முப்பத்து நான்கு லட்சத்து எழுபத்தோராயிரத்து ஐந்நூற்று எட்டு. பெயர் பெற்ற எண்ணெல்லாம் இல்லை. ஒரு தாள், பேனா, சாதாரண கால்குலேட்டர், இவ்வளவு போதும். வகுத்தால் மீதி எவ்வளவு என்று பார்க்கத் தெரிந்தால் மற்றதை வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

வேலையின் வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முதலில் பகாக் காரணிகளைக் கண்டுபிடிக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். காரணிகள் கைக்கு வந்துவிட்டால் மீதிக் கேள்விகளில் முக்கால்வாசி வெறும் பெருக்கலாகிவிடும். காரணி தெரியாமல் மற்றதைத் தேடினால் ஒவ்வொன்றுக்கும் கோடிக்கணக்கான எண்களைத் துழாவ வேண்டியிருக்கும்.

முதலில் கண்ணால் பாருங்கள்

கடைசி இலக்கம் 8. அதனால் இரட்டை எண் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த 8 இன்னொன்றையும் சொல்கிறது: இது முழு வர்க்கம் இல்லை. வர்க்க எண்கள் 0, 1, 4, 5, 6, 9 ஆகியவற்றில்தான் முடியும். 2, 3, 7, 8-இல் ஒருபோதும் முடியாது. வர்க்கமூலப் பொத்தானைத் தொடாமலே ஒரு கேள்வி தீர்ந்தது.

கடைசி இரண்டு இலக்கங்கள் 08, நான்கால் வகுபடும். கடைசி மூன்று 508, அதை எட்டால் வகுத்தால் மீதி 4. ஆக, 2 என்ற காரணி சரியாக இரண்டு முறை வருகிறது, அதற்கு மேல் இல்லை.

அடுத்தது இலக்கங்களின் கூட்டல்: 3+5+3+4+7+1+5+0+8 = 36. 10, 100, 1000 எதை எடுத்தாலும் ஒன்பதால் வகுத்தால் மீதி 1 என்பதால், எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியும் இலக்கக் கூட்டலை வகுத்தால் வரும் மீதியும் ஒன்றேதான். 36 ஒன்பதால் வகுபடுகிறது, எனவே எண்ணும் வகுபடும். 27-ஆல் வகுபடுமா என்று இதே வழியில் பார்க்கக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் பலர் இங்கே சறுக்குவார்கள். 10-ஐ 27-ஆல் வகுத்தால் மீதி 1 வராது, அதனால் இலக்கக் கூட்டல் அங்கே செல்லாது. அதற்கு வேறு வழி இருக்கிறது.

மூன்று மூன்றாக வெட்டுங்கள்

எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டுங்கள்: 353 | 471 | 508. நாம் வழக்கமாக லட்சம், கோடி என்று 35,34,71,508 எனக் காற்புள்ளி வைப்போம், அதைப் பார்த்தபடியே வெட்டினால் கணக்கு கெட்டுவிடும். காற்புள்ளிகளை அழித்துவிட்டு வெட்டுவது நல்லது.

மூன்று துண்டுகளையும் கூட்டினால் 1332. இந்தக் கூட்டல் எதற்கு? 1000-ஐ 999-ஆல் வகுத்தால் மீதி 1. 999 என்பது 27 × 37. அதனால் 27-க்கும் 37-க்கும் இந்த ஒரே கூட்டல் போதும். 1332-ஐ 37-ஆல் வகுத்தால் சரியாக 36. மீதி இல்லை, 37 ஒரு காரணி! 27-ஆல் வகுத்தால் மீதி 9 வருகிறது, ஆகவே 27 இல்லை, ஒன்பதோடு நிற்கிறது. 3 என்ற காரணியும் சரியாக இரண்டு முறைதான்.

அதே துண்டுகளை இப்போது மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 508 − 471 + 353 = 390. இது 1001-க்கான சோதனை, 1001 என்பது 7 × 11 × 13. 390-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 5, 11-ஆல் வகுத்தாலும் மீதி 5, 13-ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஒரே கழித்தலில் மூன்று பகா எண்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பள்ளியில் 7-க்கென்று தனியாக ஒரு சோதனை சொல்லிக்கொடுப்பார்கள், கடைசி இலக்கத்தை இரட்டித்துக் கழிப்பது. அது தப்பில்லை, ஆனால் ஒன்பது இலக்க எண்ணுக்கு அதைத் திரும்பத் திரும்பச் செய்வது வீண் வேலை.

அந்த மீதிகளை, இரண்டு 5-களையும், ஓரமாகக் குறித்து வையுங்கள். பிறகு உதவும்.

கிடைத்த காரணியால் உடனே வகுத்துவிடுங்கள்

ஒரு காரணி கிடைத்த உடனே எண்ணை அதனால் வகுத்துச் சின்னதாக்கிவிட வேண்டும், அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த காரணியைத் தேடக் கூடாது. ஏனென்றால் ஓர் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்குள் அதற்கு ஒரு பகாக் காரணியாவது இருக்கும். நம் எண்ணின் வர்க்கமூலம் 18,800-ஐச் சற்றுத் தாண்டுகிறது (18,800-இன் வர்க்கம் 353440000, 18,801-இன் வர்க்கம் 353477601). அதுவரை இருக்கும் பகா எண்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். வகுத்துக்கொண்டே வந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள்:

353471508 ÷ 4 = 88367877
88367877 ÷ 9 = 9818653
9818653 ÷ 13 = 755281
755281 ÷ 37 = 20413

20413-இன் வர்க்கமூலம் 142-க்கும் 143-க்கும் இடையில். பதினெட்டாயிரம் வரை ஓட வேண்டியது நூற்று நாற்பத்திரண்டிலேயே முடிந்துவிட்டது.

20413-ஐ 2, 3, 5, 7, 11 எதுவும் வகுக்காது, மேலே பார்த்ததிலிருந்தே தெரியும். 13-ஐ மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே கிடைத்த காரணி இரண்டாம் முறையும் வரலாம்: 13 × 1570 = 20410, மீதி 3. இல்லை. இதற்கு மேல் 17, 19, 23 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போகலாம். அப்படிப் போனால் விடை 137-இல்தான் கிடைக்கும், அதாவது 27 வகுத்தல்கள். செய்யலாம், அரை மணி நேர வேலை. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு வழியை ஒருமுறை முயன்று பார்ப்பது என் வழக்கம்.

ஃபெர்மா வழி

17-ஆம் நூற்றாண்டில் பியேர் டி ஃபெர்மா கையாண்ட வழி இது. ஒற்றைப்படை எண் ஒன்றை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால், அது தானாகவே இரண்டு காரணிகளாகப் பிரிந்துவிடும். பள்ளியில் படித்த a² − b² = (a + b) × (a − b) சமன்பாடுதான். செய்ய வேண்டியது இவ்வளவே: வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணை எடுத்து வர்க்கப்படுத்துங்கள், அதிலிருந்து நம் எண்ணைக் கழியுங்கள், மீதி ஒரு முழு வர்க்கமா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

143 × 143 = 20449. அதிலிருந்து 20413-ஐக் கழித்தால் 36. அட, அது 6-இன் வர்க்கம்! முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது.

20413 = (143 − 6) × (143 + 6) = 137 × 149

இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால்தான் இந்த வழி இவ்வளவு வேகமாகப் போகும். ஒன்று சின்னதாகவும் மற்றது மிகப் பெரியதாகவும் இருந்தால் நேர்வகுத்தலைவிட மோசமாக இழுக்கும். ஃபெர்மா 1643 வாக்கில் 2027651281 என்ற எண்ணை இப்படித்தான் பிரித்தார்: 45,030-இல் தொடங்கி, பன்னிரண்டாவது முயற்சியில் 45,041-இல் மாட்டியது, 44021 × 46061. கால்குலேட்டரில் நீங்களும் செய்து பார்க்கலாம்.

137-உம் 149-உம் பகா எண்களா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். 2, 3, 5, 7, 11 வரை பார்த்தால் போதும், 13-இன் வர்க்கம் 169 இரண்டையும் தாண்டிவிடுகிறது. எதுவும் வகுக்கவில்லை. ஆக:

353471508 = 2² × 3² × 13 × 37 × 137 × 149

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 10001 என்பது 73 × 137 என்று தெரிந்தவர்கள் எண்ணை நான்கு நான்காக வெட்டியிருப்பார்கள்: 3 | 5347 | 1508. மாற்றிக் கழித்தால் 1508 − 5347 + 3 = −3836, அது 137-இன் 28 மடங்கு. 137 ஆரம்பத்திலேயே மாட்டியிருக்கும்.

சரிபார்க்காமல் மேலே போகாதீர்கள்

திரும்பப் பெருக்கிப் பார்ப்பது ஒரு வழி. கையால் செய்கிறவர்களுக்கு மீதிகளைப் பெருக்குவது சுலபம். ஒன்பதை வைத்துச் சரிபார்ப்பது பழைய பழக்கம், ஆனால் இலக்கங்கள் இடம் மாறிப் போனால் ஒன்பது அதைக் கண்டுகொள்ளாது. 471-ஐ 417 என்று எழுதினாலும் கூட்டல் மாறாது. நம் எண்ணுக்கு மீதி 0 என்பதால் அது இங்கே இன்னும் பலவீனம். பதினொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 36-க்கு மீதி 3, 13-க்கு 2, 37-க்கு 4, 137-க்கு 5, 149-க்கு 6. பெருக்கினால் 3 × 2 × 4 × 5 × 6 = 720, அதைப் பதினொன்றால் வகுத்தால் மீதி 5. ஓரமாகக் குறித்து வைத்த 5 அதுதான். பொருந்துகிறது.

இனி எல்லாம் பெருக்கல்

எத்தனை காரணிகள்? ஒவ்வொரு பகாக் காரணியின் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள். 2² என்றால் 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம், மூன்று வாய்ப்பு. அப்படியே 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 144 காரணிகள். 1-உம் அந்த எண்ணும் இதில் சேர்த்தி.

அவற்றின் கூட்டுத்தொகைக்கும் இதே மாதிரிதான். (1+2+4) × (1+3+9) × (1+13) × (1+37) × (1+137) × (1+149), அதாவது 7 × 13 × 14 × 38 × 138 × 150 = 1002128400. நூறு கோடியைத் தாண்டிவிட்டது. 144 எண்களை எழுதிக் கூட்டவேயில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதிலிருந்து எண்ணையே கழித்தால் 648656892. தன்னைவிடச் சிறிய காரணிகளின் கூட்டல் தன்னைவிடப் பெரிதாக இருப்பதால் இது மிகை எண். சமமாக இருந்தால் நிறைவெண், 6-உம் 28-உம் போல. உண்மையில் மிகை எண் என்று சொல்ல இந்தக் கணக்கே தேவையில்லை. 6-ஆல் வகுபடும் எந்த எண்ணையும் எடுத்து அதன் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று மூன்றையும் கூட்டுங்கள்: 176735754 + 117823836 + 58911918. வருவது அந்த எண்ணேதான். 6-ஐவிடப் பெரிய எண்ணாக இருந்தால் இந்த மூன்றோடு 1 என்ற காரணியும் மிச்சமிருக்கும், எனவே தாண்டித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது ஆய்லரின் ஃபை சார்பு. 1-இலிருந்து நம் எண் வரை, அதோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பது கேள்வி. 2² தருவது 2, 3² தருவது 6, அடுக்கு ஒன்றாக இருக்கும் பகா எண்கள் தம்மைவிட ஒன்று குறைவாகத் தரும்: 2 × 6 × 12 × 36 × 136 × 148 = 104343552. பத்துக்கு மூன்று என்ற விகிதத்துக்குச் சற்றுக் குறைவு. பெரிய எண்ணின் காரணிகளைக் காண்பது கடினம் என்பதை நம்பிச் செய்திகளைப் பூட்டும் ஆர்எஸ்ஏ குறியாக்கம் பற்றிப் படிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஒன்றை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கே மையமே இதுதான்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

எனக்கு இதில் மிகவும் பிடித்த கேள்வி இதுதான். நான்கால் வகுத்தால் மீதி 3 வரும் பகா எண்கள் (3, 7, 11, 19 மாதிரி) எல்லாம் இரட்டை அடுக்கில் இருந்தால் மட்டுமே முடியும். நம் எண்ணில் அப்படிப்பட்டது 3 மட்டும், அதுவும் 3² என்று இரட்டை அடுக்கில். 13, 37, 137, 149 நான்குமே நான்கால் வகுத்தால் மீதி 1. ஆக முடியும், எட்டு வெவ்வேறு விதங்களில் முடியும்: அந்த நான்கு பகா எண்களின் அடுக்குகளோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 16, அதில் பாதி 8.

எட்டு என்று சொன்னால் போதாது, ஒன்றையாவது எழுதிக் காட்ட வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் தந்த சமன்பாடு இங்கே கைகொடுக்கும். 13 = 2² + 3², 37 = 1² + 6². இவற்றைக் குறுக்கே பெருக்குங்கள்: 2×1 + 3×6 = 20, 2×6 − 3×1 = 9. பெருக்கற்பலன் 481 = 20² + 9². அப்படியே 137 = 4² + 11², 149 = 7² + 10². 4×7 + 11×10 = 138, 4×10-க்கும் 11×7-க்கும் வித்தியாசம் 37. ஆக 20413 = 138² + 37². இந்த இரண்டையும் இன்னொருமுறை சேர்த்தால் 9818653 = 3093² + 502². மிச்சமிருக்கும் 36 என்பது 6², இரண்டு பக்கத்தையும் ஆறால் பெருக்கினால் முடிந்தது:

353471508 = 18558² + 3012²

கூட்டல் கழித்தலை இடம் மாற்றிப் போட்டால் வேறு சோடிகள் வரும். 11892² + 14562² இன்னொன்று. மீதி ஆறையும் நீங்கள் எடுங்கள்.

1-ஐ இந்த எண்ணால் வகுத்தால்

தசமம் திரும்பத் திரும்ப வரும் என்பது தெரியும், எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை? இதற்கும் காரணிகள்தான். 2² இருப்பதால் முதல் இரண்டு இலக்கங்கள் சுழற்சியில் சேராது. 1/9-இன் சுழற்சி நீளம் 1, 1/13-க்கு 6, 1/37-க்கு 3, 1/137-க்கு 8. 149 கொஞ்சம் முரட்டுத்தனமானது, 148 இலக்கம் போனால்தான் திரும்பி வரும். இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 888. கால்குலேட்டரில் 1-ஐ வகுத்துப் பார்த்தால் பத்து இலக்கம் தெரியும், அதை வைத்து இதை ஊகிக்கவே முடியாது. 37-க்கு ஏன் 3 என்றால், அது 999-ஐ வகுப்பதால். மேலே மூன்று மூன்றாக வெட்டியது வேலை செய்ததும் இதே காரணத்தால்தான்.

இலக்கத்தின் குணங்கள்

இலக்கக் கூட்டல் 36, எண் 36-ஆல் வகுபடுகிறது. அதனால் இது ஒரு ஹர்ஷத் எண். பெயர் வைத்தவர் நம் நாட்டுக் கணிதவியலாளர் கப்ரேகர். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இது எண்ணின் குணமா, நாம் பத்தடிமானத்தில் எழுதுவதால் வந்த குணமா என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். பைனரியில் எழுதினால் 1 0101 0001 0001 1000 1100 0001 0100, மொத்தம் 29 இலக்கம், பத்து ஒன்றுகள். 10 இந்த எண்ணை வகுக்காது என்பதால் அங்கே ஹர்ஷத் பட்டம் போய்விடுகிறது. 144 காரணிகள் மட்டும் எங்கே எழுதினாலும் 144தான். பட்டியல்களில் பாதி வரிகள் இந்த எழுத்துக் குணங்கள், அவற்றைத் தாண்டிப் போகத் தயங்க வேண்டாம்.

எண் இன்னும் பெரிதானால்

பன்னிரண்டு இலக்கத்துக்கு மேல் கையால் மல்லுக்கட்டுவது வீண். பைத்தானில் முழு எண்ணுக்கு நீள வரம்பு கிடையாது, அதைப் பயன்படுத்துங்கள். எக்செல் பதினைந்து இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, மிச்சத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். அங்கே இருபது இலக்க எண்ணை ஒட்டிவிட்டுக் காரணி தேடினால் தேடுவது வேறு ஏதோ ஓர் எண்ணுக்கு.

பகா எண்ணா என்று பார்ப்பதும் காரணி காண்பதும் ஒரே வேலை என்று நினைத்துவிடாதீர்கள். முதலாவது எவ்வளவோ சுலபம். 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் பகாத்தன்மையை எந்த எண்ணுக்கும் நியாயமான நேரத்தில், ஊகம் எதுவும் இல்லாமல் சோதிக்க முடியும் என்று நிரூபித்தார்கள். 2024-இல் அறிவிக்கப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள். அது சிறப்பு வடிவம் கொண்ட மெர்சென் எண், அதற்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. காரணி காண்பதோ, ஆர்எஸ்ஏ போட்டிக்காகத் தேர்ந்த 250 இலக்க எண் ஒன்றே 2020-இல்தான் உடைந்தது; 617 இலக்கம் கொண்ட ஆர்எஸ்ஏ-2048-ஐ இன்னும் யாரும் உடைத்ததாக அறிவிக்கவில்லை.

பயிற்சிக்கு எங்கும் தேட வேண்டாம், பக்கத்து எண்ணான 353471509-ஐ எடுங்கள். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்குப் பொதுக் காரணி இருக்காது என்பதால் 2, 3, 13, 37, 137, 149 ஆறும் உடனே கழிந்தன. கடைசி இலக்கம் 9, ஆகவே 5 இல்லை. 7-க்கும் 11-க்கும் குறித்து வைத்த மீதி 5, இப்போது அது 6 ஆகும், ஆக அவையும் இல்லை. நேராக 17-இலிருந்து வகுக்க ஆரம்பிக்கலாம்.